ஊருக்குள் நுழையும் மாநில நெடுஞ்சாலை: வேக வரம்பை யார் முடிவு செய்வது, எதை வைத்து?

சாலையோரத்தான்

தென்மாவட்டம் ஒன்றில் எங்கள் ஊர். ஊரின் நடுவே மாநில நெடுஞ்சாலை போகிறது. முன்பு ஐந்தரை மீட்டர் தார்ச்சாலையாக இருந்ததை ஏழு மீட்டராக அகலப்படுத்தினார்கள். புளியமரங்கள் போயின, வளைவு நிமிர்ந்தது, வழவழப்பான தார் வந்தது. கூடவே வேகமும் வந்தது. பெட்ரோல் பங்க்கிலிருந்து வாய்க்கால் பாலம் வரை சுமார் 1.2 கிலோமீட்டர். அதற்குள் ஓர் உயர்நிலைப் பள்ளி, ரேஷன் கடை, பேருந்து நிறுத்தம், மூன்று டீக்கடைகள். சாலை அகலமான பிறகு இரண்டு பேர் இறந்துவிட்டார்கள். ஒருவர் ரேஷன் அரிசியோடு சாலையைக் கடந்த மூதாட்டி.

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தோம். "விதிகளின்படி பரிசீலிக்கப்படும்" என்று பதில் வந்தது. அதற்குள் ஊரில் சிலர் சேர்ந்து 30 என்று ஒரு பலகை நட்டுவிட்டார்கள். எண்ணுக்குக் கீழே, அதைவிடப் பெரிய எழுத்தில், ஒரு துணிக்கடையின் விளம்பரம். வண்டிகள் வழக்கம்போலத்தான் பறக்கின்றன.

கேள்விகள் இவை: அந்தப் பலகைக்குச் சட்டத்தில் மதிப்பு உண்டா? எவ்வளவு வேகம் என்று கேட்பது நியாயம்? 30 என்று கேட்டால் அதிகாரிகள் சிரிக்கிறார்கள்.

வழக்காடி

மதிப்பு இல்லை. துணிக்கடைக்கு மட்டும் லாபம்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 112. அதிகபட்ச வேகத்தை வாகன வகைவாரியாக மத்திய அரசு அறிவிக்கிறது. ஒரு குறிப்பிட்ட சாலையின் தன்மை காரணமாகவோ பொதுமக்கள் பாதுகாப்புக்காகவோ அதைவிடக் குறைக்க வேண்டுமானால், மாநில அரசோ அரசு அதிகாரமளித்த அமைப்போ உட்பிரிவு 2இன் கீழ் அரசிதழில் அறிவிக்கை வெளியிட வேண்டும். அதோடு பிரிவு 116இன்படி உரிய அடையாளப் பலகையும் வைக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் வரம்பு. ஒரு மாதத்துக்கு மேற்படாத கட்டுப்பாடு என்றால் மட்டும் அறிவிக்கை தேவையில்லை. திருவிழா, சாலைப் பணி போன்றவற்றுக்கு இது போதும்.

மத்திய அரசின் 2018 ஏப்ரல் அறிவிக்கையில் உங்கள் சாலை போன்ற 'இதர சாலை'களில் காருக்கு 70, பேருந்துக்கும் இருசக்கர வாகனத்துக்கும் 60 என்று இருந்தது. விரைவுச்சாலையில் காருக்கு 120 வரை உயர்த்தியதும் அதே அறிவிக்கைதான். ஒரு விபத்து இழப்பீட்டு மேல்முறையீட்டை விசாரித்த சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் அந்த அறிவிக்கையையே ரத்து செய்து, வேகத்தைக் குறைக்கச் சொன்னது. எந்தக் கணக்கை எடுத்தாலும், ஊர் வந்துவிட்டது என்பதால் மட்டும் 30 தானாக வராது. கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

இருசக்கரப்பயணி

இறந்தவர்களுக்கு அஞ்சலி. ஆனாலும் கசப்பான ஒன்றைச் சொல்கிறேன். நான் விற்பனைப் பிரதிநிதி. தினமும் மூன்று தாலுகா சுற்றுகிறேன். ஒவ்வோர் ஊரும் 30 கேட்டால், நெடுஞ்சாலை என்ற பெயரை எடுத்துவிட்டுத் தெரு என்றே வைத்துவிடலாம். சென்னையில் 2023 ஜூனில் பகலுக்கு 40, இரவுக்கு 50 என்று கருவிகளைப் பொருத்தினார்கள். நகரமே சிரித்தது. நிறுத்தி வைத்தார்கள். நடைமுறைக்கு ஒவ்வாத எண்ணை எழுதினால், சரியான எண்ணையும் யாரும் மதிக்க மாட்டார்கள்.

அண்ணாசாலைவாசி

பாதிக் கதையோடு நிறுத்திவிட்டீர்கள். நிறுத்தி வைத்த பிறகு ஒரு குழு அமைத்து ஆராய்ந்தார்கள். அந்த நவம்பரிலேயே புதிய வரம்பு வந்தது. இலகுரக வாகனத்துக்கு 60, கனரக வாகனத்துக்கும் பைக்குக்கும் 50, ஆட்டோவுக்கு 40. குடியிருப்புப் பகுதிகளில் எல்லா வாகனத்துக்கும் 30. ஆக, 40ஐ எதிர்த்துக் கூச்சல் போட்ட அதே நகரத்தில் இன்று 30 என்ற எண்ணும் சட்டப்படி இருக்கிறது. நகரம் முழுவதற்கும் ஒரே எண் என்றபோதுதான் சண்டை வந்தது.

எங்கள் குடியிருப்புத் தெருவில் அந்த 30க்கு ஒரு பலகைகூடக் கிடையாது என்பது தனிக்கதை.

ஓய்வுபெற்ற பொறியாளர்

சாலையோரத்தான், முதலில் அளந்து பாருங்கள். மனுவில் "மிக வேகமாகச் செல்கின்றன" என்று எழுதினால் அது புகார். "இத்தனை சதவீத வாகனங்கள் இத்தனை வேகத்தில் செல்கின்றன" என்று எழுதினால் அது கோப்பு. கோப்பு மேசை விட்டு மேசை நகரும்.

ரேடார் துப்பாக்கி தேவையில்லை. நேரான பகுதியில் சரியாக 50 மீட்டர் நாடா பிடித்து, இரு முனையிலும் சுண்ணாம்பால் கோடு போடுங்கள். ஒரு மாடியிலிருந்து, இரண்டு கோடுகளும் தெரியும்படி கைபேசியில் காணொளி எடுங்கள். 50 மீட்டரை 6 விநாடியில் கடந்தால் 30 கிலோமீட்டர் வேகம். 3.6 விநாடி என்றால் 50. 3 விநாடி என்றால் 60. கைபேசி விநாடிக்கு 30 படங்கள் எடுக்கிறது என்றால் 3 விநாடிக்கு 90 படங்கள். வேகத்தைக் குறைத்து ஓட்டி, எண்ணிக்கொள்ளலாம். முன்னால் வேறு வண்டியின் தடங்கல் இல்லாமல் போகிறவற்றை மட்டும் எடுங்கள். லாரி பின்னால் ஊர்ந்து வரும் காரை எண்ணினால் கணக்கு பொய்த்துவிடும். நீங்கள் சாலையோரம் நின்றுகொண்டு கருவியைக் காட்டினாலும் பொய்த்துவிடும், ஏனென்றால் எல்லாரும் மெதுவாகப் போவார்கள்.

கிடைத்த வேகங்களை ஏறுவரிசையில் எழுதுங்கள். நூறு வண்டிகளில் எண்பத்தைந்தாவது வண்டியின் வேகம் எதுவோ அதுதான் 85ஆம் சதவீத வேகம். நாங்கள் படித்த காலத்திலிருந்து வரம்பை முடிவு செய்ய அதைத்தான் பார்ப்போம். பெரும்பாலான ஓட்டுநர்கள் சாலையைப் பார்த்துத் தாமாகவே ஒரு நியாயமான வேகத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள், மிஞ்சிப் போகும் பதினைந்து பேரைத்தான் கட்டுப்படுத்த வேண்டும் என்பது அதன் பின்னால் உள்ள எண்ணம். உங்கள் சாலையில் அது 60ஐ ஒட்டி வரும் என்று நினைக்கிறேன்.

தமிழாசிரியை

பொறியாளர் ஐயா, உங்கள் நூறு பேரில் அந்த மூதாட்டி எங்கே? என் பள்ளியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலை ஓரத்தில் நிற்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளை எங்கே? வண்டி ஓட்டுகிறவர்கள் மட்டும் வாக்களித்து, வண்டி இல்லாதவர்கள் உயிரைக் கொடுக்கும் தேர்தலாக அல்லவா இருக்கிறது?

எட்டாம் வகுப்பில் இயற்பியல் ஆசிரியர் வராத நாளில் இந்தக் கணக்கைப் பலகையில் போட்டோம். ஓட்டுநருக்கு ஆபத்து உறைத்து பிரேக்கில் கால் வைக்க ஒரு விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த சாலை, நல்ல பிரேக். 30இல் வரும் கார் சுமார் 13 மீட்டரில் நின்றுவிடும். 50இல் வருவதற்கு 28 மீட்டர் வேண்டும். 60க்கு 36. இதில் பிள்ளைகள் கவனித்தது வேறு. 50இல் வரும் கார் அந்த ஒரு விநாடியிலேயே கிட்டத்தட்ட 14 மீட்டர் போய்விடுகிறது. அதாவது 30இல் வந்த கார் முழுவதுமாக நின்றுவிட்ட இடத்தை, 50இல் வரும் கார் பிரேக்கைத் தொடுவதற்கு முன்பே முழு வேகத்தில் கடக்கிறது. வகுப்பு கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஒருவன் கேட்டான், "அப்படியென்றால் டீச்சர், நம் பள்ளி வாசலில் ஏன் 30 இல்லை?"

2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் உலக நாடுகளின் அமைச்சர்கள் கூடி வெளியிட்ட பிரகடனமும் இதைத்தான் சொல்கிறது. நடப்பவர்களும் சைக்கிளில் போகிறவர்களும் வாகனங்களோடு அடிக்கடி கலக்கும் இடத்தில் அதிகபட்சம் 30. ஓட்டுநர் விரும்பும் வேகத்தை அங்கே யாரும் கேட்கவில்லை. மனித உடம்பு தாங்கும் வேகத்தைக் கேட்டார்கள்.

ஓய்வுபெற்ற பொறியாளர்

டீச்சர் சொல்வதை மறுக்கவில்லை. எங்கள் முறை ஊருக்கு வெளியே உள்ள சாலைக்குப் பிறந்தது. கடைவீதிக்குள் அதை அப்படியே கொண்டுவந்தது எங்கள் துறையின் பழக்கதோஷம். ஆனால் அளக்க வேண்டாம் என்று அதற்குப் பொருள் இல்லை. என்ன வரம்பு வேண்டும் என்பதை உடம்பு சொல்லட்டும். அந்த வரம்புக்கும் இன்றைய வேகத்துக்கும் எவ்வளவு தூரம் என்பதை அளவு சொல்லும். 60இல் ஓடுகிற சாலையில் 30 பலகை நட்டால் அது 56 ஆகும். மீதி 26ஐப் பலகை குறைக்காது, சாலையின் வடிவம்தான் குறைக்க வேண்டும்.

ஓட்டுநர் அண்ணன்

புறநகர்ப் பேருந்து ஓட்டுகிறேன். அரசா தனியாரா என்று கேட்காதீர்கள். எல்லாரும் எங்களைத்தான் திட்டுகிறீர்கள், ஆகையால் ஒரு வார்த்தை.

எங்களுக்கு நேர அட்டவணை இருக்கிறது. அதைப் போட்ட காலத்தில் வழியில் இத்தனை வேகத்தடைகள் இல்லை, இத்தனை நிறுத்தங்களும் இல்லை. இரண்டு நிமிடம் தாமதமாகப் போனால் பின்னால் வருகிறவன் என் பயணிகளை அள்ளிக்கொண்டு போய்விடுவான். நிலையத்தில் நேரக்காப்பாளரோடு தகராறு. அந்த இரண்டு நிமிடத்தை ஓட்டுநர் எங்கே ஈடுகட்டுவார் என்று நினைக்கிறீர்கள்? காலியாகக் கிடக்கும் உங்கள் அகலமான சாலையில்தான்.

நீங்கள் சொல்லும் 1.2 கிலோமீட்டரை 60இல் கடக்க 72 விநாடி. 30இல் கடக்க 144 விநாடி. ஓர் ஊருக்கு ஒரு நிமிடமும் சில்லறையும்தான். ஆனால் என் வழித்தடத்தில் அப்படிப் பதினொரு ஊர்கள். வரம்பைக் குறைக்கும் கோப்பு ஓர் அலுவலகத்தில், பேருந்தின் நேரத்தை மாற்றும் கோப்பு இன்னோர் அலுவலகத்தில். இரண்டும் ஒன்றையொன்று பார்ப்பதே இல்லை. மனுவில் இதையும் ஒரு வரி சேருங்கள். ஓட்டுநர்கள் உங்கள் பக்கம் வருவார்கள்.

இருசக்கரப்பயணி

அண்ணன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வேகம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்பதை நான் ஏற்கவில்லை. 2022இல் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நூற்றுக்கு எழுபத்தொன்று அதிவேகத்தால் என்று மத்திய அமைச்சகத்தின் அறிக்கை. யார் அளந்தார்கள்? விபத்து நடந்தவுடன் முதல் தகவல் அறிக்கையில் "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து" என்ற ஒரே வாக்கியத்தை எழுதுகிறார்கள். குழியில் விழுந்தாலும் அதே வாக்கியம், விளக்கு இல்லாத டிராக்டர் டிரெய்லரில் மோதினாலும் அதே வாக்கியம்.

வழக்காடி

இந்த இடத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன். நானே அந்த வாக்கியத்தைப் படித்துப் படித்துச் சலித்தவன். வேக வரம்பை மீறியதாகத் தண்டிக்க, ஒரு சாட்சியின் கண் மதிப்பீடு மட்டும் போதாது, இயந்திர அல்லது மின்னணுக் கருவியின் அளவு வேண்டும் என்று பிரிவு 183 சொல்கிறது. ஆனால் புள்ளிவிவரத்துக்கு அந்தக் கண்டிப்பு கிடையாது.

அதனால் வேகம் ஒன்றுமில்லை என்று ஆகிவிடாது. குழியும் இருட்டும் விபத்தை உண்டாக்கலாம். அது சிராய்ப்பா சாவா என்பதை வேகம்தான் முடிவு செய்கிறது. சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிர்ச்சேத விபத்தின் அபாயம் நான்கு சதவீதம் கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த 2022 அறிக்கையிலேயே விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு, 64,105. நம் சாலைகள் நன்றாக இருக்கின்றன என்று பெருமைப்படுகிறோம். நன்றாக இருப்பதால்தான் வேகமாகப் போகிறோம்.

கார்டிஃப்காரர்

வேல்ஸில் வசிக்கிறேன். இங்கே 2023 செப்டம்பர் 17 அன்று, தெருவிளக்குகள் 200 கெஜத்துக்கு மிகாத இடைவெளியில் உள்ள சாலைகளில் பொது வரம்பை 30 மைலிலிருந்து 20 மைலாக, அதாவது சுமார் 32 கிலோமீட்டராக, ஒரே நாளில் குறைத்தார்கள். எதிர்த்துச் சட்டமன்றத்துக்குப் போன மனுவில் ஏறக்குறைய 4,70,000 கையெழுத்துகள். நாட்டின் மக்கள்தொகையே முப்பது லட்சத்துச் சொச்சம். பலகைகளில் வண்ணத்தை அடித்துவிட்டுப் போனார்கள்.

ஆனாலும் முதல் ஆண்டில் அந்தச் சாலைகளில் காயம்பட்டோர் எண்ணிக்கை குறைந்தது. எதிர்ப்புக்குப் பிறகு 2024 ஜூலையில், எந்தச் சாலைகளை மீண்டும் 30 மைலுக்கு மாற்றலாம் என்று வழிகாட்டுதலைத் திருத்தினார்கள். உள்ளாட்சிகள் மக்களிடம் சாலையின் பெயரைக் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றாகப் பரிசீலித்தன. எனக்குப் பிடித்தது அந்த 20ஐவிட இந்த மறுபரிசீலனைதான். வரம்பைக் கல்வெட்டாக நினைக்காமல், போட்டுப் பார்த்து, அளந்து, தேவைப்பட்ட இடத்தில் மாற்றினார்கள். நம் ஊரில் ஒரு முறை நட்ட பலகையை மறுபடி யாராவது திரும்பிப் பார்க்கிறார்களா?

அண்ணாசாலைவாசி

பார்க்கிறார்களே, பழைய இரும்புக்குப் போடும்போது.

சாலையோரத்தான்

பொறியாளர் ஐயா சொன்னபடி அளந்தோம். தமிழாசிரியையின் யோசனைப்படி பிளஸ் டூ மாணவர்களையும் சேர்த்துக்கொண்டோம். டீக்கடை மாடியிலிருந்து படம். காலை பள்ளி நேரம், மதியம், இரவு எட்டுக்கு மேல் என்று மூன்று வேளைகள்.

காலையில் நாங்கள் பயந்த அளவுக்கு இல்லை. கூட்டமே வேகத்தைத் தடுத்துவிடுகிறது, கார்கள் நாலரை விநாடி, ஐந்து விநாடி எடுக்கின்றன. மதியம்தான் மோசம். சாலை காலியாக இருக்கும். பாதிக்கு மேற்பட்ட கார்கள் மூன்றரை விநாடிக்குள் கடந்தன. 85ஆம் சதவீதம் 62இல் வந்து நிற்கிறது. மூதாட்டி அடிபட்டதும் மதியம் இரண்டு மணிக்குத்தான். ரேஷன் கடை திறந்திருக்கும் நேரம் அது. அவரைப் போன்றவர்கள் சாலையைக் கடக்க எவ்வளவு நேரம் எடுக்கிறார்கள் என்று மாணவர்கள் தாமாகவே ஒரு பட்டியல் போட்டார்கள். ஏழு மீட்டருக்குப் பத்து விநாடி ஆகிறவர்கள் இருக்கிறார்கள். அவர் அடியெடுத்து வைக்கும்போது 62இல் வரும் கார் 170 மீட்டருக்கு அப்பால் இருக்கும். வளைவை நிமிர்த்தியும், அதற்கு அப்பால் இருக்கும் கார் அவர் கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

ஓய்வுபெற்ற பொறியாளர்

மிக நல்ல வேலை. அந்தப் பத்து விநாடிக் கணக்கை மனுவின் முதல் பக்கத்தில் வையுங்கள். என் பணிக்காலத்தில் இப்படி ஒரு மனு என் மேசைக்கு வரவில்லை.

இனி என்ன கேட்க வேண்டும் என்பது. ஊர்க்காரர்கள் உடனே வேகத்தடைதான் கேட்பார்கள். கேட்காவிட்டாலும் இரவோடு இரவாக ஜல்லியைக் கொட்டித் தாங்களே போட்டுவிடுவார்கள். குறுகலாக, செங்குத்தாக, வண்ணம் பூசாமல். பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண்மணி தூக்கி எறியப்படுவது அதில்தான். சாலைகளுக்குத் தர அளவுகளை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸின் அளவு வேறு. 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் வில் போல, 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம். 25 கிலோமீட்டர் வேகத்தில் அலுங்காமல் ஏறி இறங்கலாம். 40 மீட்டருக்கு முன்பே எச்சரிக்கைப் பலகை. ஊரில் இருக்கும் ஏதாவது ஒரு வேகத்தடையை நாடா வைத்து அளந்து பாருங்கள், புரியும்.

மாநில நெடுஞ்சாலையில் வேகத்தடையை எளிதில் தர மாட்டார்கள். தரவும் கூடாது, ஆம்புலன்சும் அதில்தான் போக வேண்டும். நீங்கள் கேட்க வேண்டியது, ஊர் தொடங்கும் இரு முனையிலும் நுழைவாயில் மாதிரி ஓர் அமைப்பு. சாலை ஓரக் கோடுகளை உள்ளே தள்ளி வண்டி ஓடும் பாதையைக் குறுக்குவது, அதிர்வுப் பட்டைகள், இரு பக்கமும் பெரிய வரம்புப் பலகை. பள்ளிக்கும் ரேஷன் கடைக்கும் இடையே, நடைபாதை மட்டத்துக்கு உயர்த்திய ஒரு கடவை. நடுவில் மக்கள் நின்று மூச்சுவிட ஒரு திட்டு. பாதி பாதியாகக் கடந்தால் பத்து விநாடி ஐந்தாகிவிடும். வரம்பு எண் அதற்குப் பிறகு.

மனுவை மாவட்ட ஆட்சியர் தலைமையிலான சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு அனுப்புங்கள். காவல், நெடுஞ்சாலை, வட்டாரப் போக்குவரத்து மூன்றும் அதில் உட்காருகின்றன. 'கூட்டுப் புலத்தணிக்கை' வேண்டும் என்ற சொற்களை அப்படியே எழுதுங்கள், அதாவது மூன்று துறையும் சேர்ந்து நேரில் வந்து பார்ப்பது. விபத்துக் கரும்புள்ளி என்று அவர்கள் ஏற்க, 500 மீட்டருக்குள் மூன்று ஆண்டுகளில் உயிர்ச்சேதமோ கொடுங்காயமோ ஏற்பட்ட ஐந்து விபத்துகள், அல்லது பத்து மரணங்கள் வேண்டும். அந்தக் கணக்கில் நீங்கள் வரமாட்டீர்கள். அதைச் சொல்லித் திருப்பி அனுப்பினால் விட்டுவிடாதீர்கள்.

தமிழாசிரியை

பத்துப் பேர் சாகும் வரை புள்ளி கருக்காது என்பது எவ்வளவு கொடுமையான வரையறை!

அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் தீர்மானமும் போடுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானம் ஒன்றையும் இணைக்கலாம்.

சாலையோரத்தான்

இழையை மேலே கொண்டுவருகிறேன். சில மாதங்கள் ஆகிவிட்டன.

கூட்டுப் புலத்தணிக்கை நடந்தது. மூன்று துறையினரும் மதியம் இரண்டு மணிக்கே வந்தார்கள், அதற்காகத்தான் அந்த நேரத்தைக் கேட்டோம். காணொளியைக் காட்டுவதற்கு முன்பே ஓர் அரசுப் பேருந்து அவர்கள் பக்கத்தில் உரசிக்கொண்டு போனது. ஆய்வாளர் தொப்பியைப் பிடித்துக்கொண்டார்.

முடிவு: 30 கிடைக்கவில்லை. முழு 1.2 கிலோமீட்டருக்கும் 40 என்று பரிந்துரைத்திருக்கிறார்கள், பள்ளிக்கும் ரேஷன் கடைக்கும் இடைப்பட்ட 300 மீட்டருக்கு மட்டும் 30. அறிவிக்கை இன்னும் வரவில்லை. துணிக்கடைப் பலகையை அன்றே பிடுங்கச் சொல்லிவிட்டார்கள். ஓரக் கோடும் அதிர்வுப் பட்டைகளும் போட்டாகிவிட்டது. உயர்த்திய கடவைக்கு மதிப்பீடு தயாரிக்கிறார்கள். நடுத்திட்டு, சாலை அகலம் போதாது என்று நிராகரிப்பு. பேருந்து நேரத்தைப் பற்றிய வரியை வட்டாரப் போக்குவரத்து அலுவலர் சத்தமாக வாசித்தார், குறித்துக்கொண்டார், அவ்வளவுதான்.

ஓரக் கோடு போட்ட பிறகு ஒரு மதியம் மறுபடி அளந்தோம். 85ஆம் சதவீதம் 62லிருந்து 54. பலகை இல்லாமலே இவ்வளவு. அறிவிக்கை வந்து ஆறு மாதம் கழித்து மீண்டும் அளந்து, குழுவிடமே கொடுக்கப்போகிறோம். 30 எல்லைக்குள் 40க்கு மேல் ஓடினால் உயர்த்திய கடவை உடனே வேண்டும் என்று இப்போதே எழுதிக் கொடுத்துவிட்டோம்.

இருசக்கரப்பயணி

300 மீட்டருக்கு 30 என்றால் எனக்குப் புகார் இல்லை. எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரிந்தால் போதும். முடியும் இடத்தில் 'வரம்பு முடிந்தது' பலகையும் வையுங்கள். அதை எல்லா ஊர்களிலும் மறந்துவிடுகிறார்கள்.

ஓட்டுநர் அண்ணன்

குறித்துக்கொண்டார் என்று விட்டுவிடாதீர்கள். நேரத்தை மாற்றக் கோரித் தனி மனு கொடுங்கள். எங்கள் பக்கத்திலிருந்து கையெழுத்து வாங்கித் தருகிறேன்.

கார்டிஃப்காரர்

என் மாமனார் ஊர் தூத்துக்குடிப் பக்கம், அங்கும் இதே கதை. மாடியில் கைபேசியை எந்தக் கோணத்தில் வைத்தீர்கள்? சாய்வாக எடுத்தால் கோட்டைக் கடக்கும் நொடி தெளிவாகத் தெரியாதே?

சாலையோரத்தான்

இரண்டு கோடுகளுக்கும் நடுவே, எதிர்ப்புற மாடியில், சாலைக்கு நேர்குறுக்காக. கைபேசி ஒன்றில் 50 மீட்டரும் அடங்கவில்லை என்றால் 25 மீட்டராகக் குறைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒரு படம் தப்பினாலும் பிழை இரட்டிப்பாகும். முன் சக்கரம் கோட்டைத் தொடுவதையே இரண்டு பக்கமும் எண்ணுங்கள். சுண்ணாம்பு இரண்டே நாளில் அழிந்துவிடும். வெள்ளை பெயின்ட் அடிக்க அனுமதி தர மாட்டார்கள், ஓரத்தில் செங்கல் வைத்துக்கொள்ளுங்கள்.